ஒரு ஜீப் சக்கரத்துக்குள் இத்தனை அதிசயமா? தெரியுமா உங்களுக்கு?

கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்பில் உட்கார்ந்து எலும்பு குலுங்கப் போயிருக்கிறீர்களா? விடியற்காலையில் தேனிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகளைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த வண்டிகளுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா ஒருவர் உண்டு. இரண்டாம் உலகப் போருக்காகப் பிறந்த வில்லிஸ் ஜீப்! எண்பது வயது தாண்டியும் உலகம் முழுக்க இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்!

அந்தத் தாத்தாவைப் படுக்க வைக்க என்ஜின் கோளாறு தேவையில்லை. ஒரு சக்கர நட் போதும். ஒரு பேரிங் போதும். கடை கடையாக ஏறி இறங்கினாலும் “அதெல்லாம் இப்ப வர்றதில்லைங்க” என்ற ஒரே பதில்தான் வரும். ஆனால் அப்படிக் கிடைக்காத பொருளுக்குள்ளும் ஓர் எண் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் எங்கோ ஒரு மூலையில் ஓர் அலமாரி திறக்கிறது. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்!

முதல் ஜீப்புக்குக் கிடைத்த அவகாசம் வெறும் 49 நாள், தெரியுமா?

1940இல் அமெரிக்க ராணுவம் ஒரு சின்ன நாலு சக்கர இழுவை வண்டி கேட்டது. மாதிரி வண்டிக்குக் கெடு 49 நாள்! பென்சில்வேனியா மாநிலம் பட்லர் ஊரில் இருந்த அமெரிக்கன் பாண்டம் என்ற சிறிய நிறுவனம் துணிந்து இறங்கியது. பொறியாளர் கார்ல் ப்ராப்ஸ்ட் வரைபடம் போட்டார். 1940 செப்டம்பர் 23 அன்று, கெடு முடியும் நாளிலேயே, வண்டி ஹோலாபேர்டு ராணுவ முகாமுக்குள் நுழைந்தது. பிறகு வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. பாகங்கள் இன்றும் எங்கேயாவது தட்டுப்படுவதற்கு இந்தப் பெரிய எண்ணிக்கைதான் முதல் காரணம்!

இடது பக்கச் சக்கர நட்டைக் கழற்ற எந்தப் பக்கம் திருக வேண்டும், தெரியுமா?

வலப்பக்கம்! ஆமாம், நாம் வழக்கமாக நட்டை இறுக்கும் திசையில்! பழைய வில்லிஸ் ஜீப்புகளின் இடது பக்கச் சக்கரங்களில் இருப்பது இடது மரை. வலது பக்கத்தில் சாதாரண மரை. உங்கள் வீட்டு சைக்கிளின் இடது பெடலைக் கழற்றியவர்களுக்கு இது புரியும். அதுவும் இதே ஜாதிதான். சக்கரம் சுழலச் சுழல நட் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பது அன்றைய பொறியாளர்களின் கணக்கு.

விஷயம் தெரியாமல் வீல் ஸ்பேனரில் குழாயை மாட்டி, இரண்டு பேர் ஏறி மிதித்து, ஸ்டட்டையே முறித்த கதை எத்தனை எத்தனை! அப்படி முறிந்த இடது மரை ஸ்டட்டுக்காகத்தான் பலருடைய தேடல் ஆரம்பமாகிறது. பல ஸ்டட், நட்டுகளில் இடதைக் குறிக்கும் ‘எல்’ எழுத்து பொறித்திருக்கும். துருவைத் துடைத்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள். கடையில் கேட்கும்போது “அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை, இடது மரை” என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் வேறு பொருள்தான் கைக்கு வரும்!

139.7 என்ற எண்ணின் மாயம் தெரியுமா?

இதுதான் இந்தக் கட்டுரையின் மகுடம்! வில்லிஸ் ஜீப்பின் சக்கரத்தில் 5 நட்டுகள். அவற்றின் மையங்களைத் தொட்டு ஒரு வட்டம் போட்டால் அதன் குறுக்களவு ஐந்தரை அங்குலம், அதாவது 139.7 மில்லிமீட்டர். இனி பாருங்கள்: நம் ஊர் மாருதி ஜிப்ஸிக்கும் அதே 5 நட், அதே 139.7! சுசுகி ஜிம்னிக்கும் அதே! ரஷ்யாவின் லாடா நிவாவுக்கும் அதே! அமெரிக்காவின் முதல் தலைமுறை ஃபோர்டு ப்ராங்கோவுக்கும் இன்டர்நேஷனல் ஸ்கவுட்டுக்கும் அதே! வில்லிஸ் வழி வந்த பழைய மகிந்திரா ஜீப்புகளுக்கும் அதே! அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் முறைத்துக்கொண்டிருந்த காலத்திலும் சக்கர வட்டத்தில் மட்டும் ஒற்றுமை!

வட்டத்தை வீட்டில் இருக்கும் அடிக்கோலால் அளக்கலாம், தெரியுமா?

ஐந்து நட் சக்கரத்தில் எதிரெதிரே இரண்டு துளைகள் இருக்காது. பிறகு குறுக்களவை எப்படி எடுப்பது? ரொம்ப எளிது! அடுத்தடுத்த இரண்டு ஸ்டட்டுகளின் மையத்துக்கு மையம் அளந்து, அதை 1.701ஆல் பெருக்குங்கள். வட்டத்தின் குறுக்களவு வந்துவிடும்! ஜீப்பில் அந்த இடைவெளி 82.1 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 139.7 வரும். பழைய இரும்புக் குவியலில் ஏதோ ஒரு ரிம் கிடக்கிறது, எந்த வண்டியுடையது என்று யாருக்கும் தெரியவில்லை. கவலை வேண்டாம்! ஒரு அடிக்கோலும் கைபேசிக் கணிப்பானும் போதும்.

வட்டம் பொருந்தினாலும் சக்கரம் பொருந்தாமல் போகலாம், தெரியுமா?

ஜிம்னி ரிம்மின் நடுத்துளை சுமார் 108 மில்லிமீட்டர். நிவாவுடையது 98.5. ஜிம்னி ஹப்பில் நிவா ரிம்மை வைத்தால் நட்டுத் துளைகள் அச்சாகப் பொருந்தும். நடுத்துளையோ ஹப்பில் இடித்து நின்றுவிடும்! ரிம்மின் அகலமும், அது ஹப்பிலிருந்து எவ்வளவு உள்ளே தள்ளி உட்காருகிறது என்பதும் முக்கியம். தவறினால் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயர் உரசும். நட்டின் கூம்பும் ரிம்மின் குழியும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். ஜீப்புக்கு அது 60 டிகிரி. ஆகவே வட்டம், நடுத்துளை, அகலம், உட்தள்ளல், கூம்பு என்று ஐந்தையும் ஒத்துப் பார்த்த பிறகுதான் காசைக் கொடுக்க வேண்டும்.

ஜீப்பைப் பார்த்துப் பிறந்த லேண்ட் ரோவருக்கு ஜீப் சக்கரம் சேராது, தெரியுமா?

1947இல் ரோவர் நிறுவனம் செய்த முதல் சோதனை வண்டியே ஒரு ஜீப்பின் சட்டகத்தின் மேல் கட்டியதுதான்! 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான லேண்ட் ரோவருக்கும் முன், பின் அச்சு இடைவெளி ஜீப்பைப் போலவே 80 அங்குலம். ஆனால் சக்கர வட்டம்? ஆறரை அங்குலம், 165.1 மில்லிமீட்டர்! ஜீப் வம்சத்துக்குள்ளேயே 1987 ராங்லரில் அது நாலரை அங்குலமாகச் சுருங்கி, 2007இல் 5 அங்குலமாக மாறியது. “ஜீப் ரிம்தானே” என்று வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம்!

போல்ட்டின் தலையில் கையெழுத்து இருக்கிறது, தெரியுமா?

போர்க்கால ஃபோர்டு ஜீப்பின் பாகங்களைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். போல்ட் தலையில்கூட ‘எஃப்’ என்ற எழுத்து சுழித்து நிற்கும்! அதனால்தான் ஃபோர்டு ஜீப்பை அச்சு அசலாக மீட்டெடுப்பவர்கள் ஒரே ஒரு ‘எஃப்’ போல்ட்டுக்காகப் பல மாதம் அலைகிறார்கள். வண்டியை ஓட்டினால் போதும் என்பவருக்கு வில்லிஸ் பாகமும் ஒன்றுதான், ஃபோர்டு பாகமும் ஒன்றுதான். இரண்டு ஆலைகளின் பாகங்களும் ஒன்றுக்கொன்று மாற்றத் தக்கவையாகவே செய்யப்பட்டன. அமெரிக்க ராணுவம் இந்த வண்டியின் பாகப் பட்டியலுக்கு ஜி-503 என்று பெயரிட்டது. தேடுகிறவர்களுக்கு அந்தப் பட்டியல்தான் பஞ்சாங்கம்!

இரண்டாகப் பிளக்கும் ரிம் ஒன்று உண்டு, தெரியுமா?

1942 வாக்கில் ராணுவ ஜீப்புகளுக்குப் போர் ரிம் வந்தது. இரண்டு பாதிகளை 8 நட்டுகளால் சேர்த்து முறுக்கிய ரிம்! உள்ளே டயரின் விளிம்பை இறுக்கிப் பிடிக்க ஒரு வளையம். குண்டு பட்டுக் காற்றுப் போனாலும் டயர் கழன்று ஓடாது. தட்டையான டயரிலேயே ஆபத்தைத் தாண்டி வெளியே வந்துவிடலாம். இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்கும் பொருள் இது. புதிதாகச் செய்த நகல்களும் விற்பனைக்கு வருகின்றன.

கொஞ்சம் நின்று இதைப் படியுங்கள். அந்த 8 நட்டுகளை டயரில் காற்று இருக்கும்போது தொடவே கூடாது! காற்றின் அழுத்தம் ரிம்மின் பாதியைப் பீரங்கிக் குண்டு மாதிரி வீசிவிடும். வால்வின் ஊசியைக் கழற்றி, காற்று முழுதாக வெளியேறியதை உறுதிசெய்த பிறகே ஸ்பேனரை வைக்க வேண்டும். வளையம் போட்ட லாரி ரிம்களாலும் உயிர்கள் போயிருக்கின்றன. அமெரிக்காவில் 1980இல் தனி விதியே கொண்டுவந்து, அத்தகைய சக்கரங்களுக்குக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்றார்கள். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைப்பதும் அதே அளவு ஆபத்து. உள்ளிருக்கும் ரப்பர் சூடேறி டயரே வெடிக்கும். விரிசல் விட்ட ரிம் எவ்வளவு அரிதானதாக இருந்தாலும் சுவரில் மாட்டி அழகு பாருங்கள், சாலைக்கு வேண்டாம்.

80 வருடம் முந்தைய பேரிங் இன்றும் புதிதாகக் கிடைக்கும், தெரியுமா?

ஹென்றி டிம்கன் கூம்பு உருளை பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கியது 1898இல். வில்லிஸ் ஜீப்பின் சக்கரத்துக்குள் சுழல்வது அந்த வகைதான். உள்வளையத்தின் எண் 18590, வெளிவளையத்தின் எண் 18520. அவ்வளவுதான்! பேரிங் கடையில் போய் “1944 ஜீப்புக்கு வேணும்” என்றால் கை விரிப்பார்கள். எண்ணைச் சொன்னால் “எந்த கம்பெனி வேணும்?” என்று கேட்பார்கள்! பேரிங்குக்கு வண்டியின் பெயர் தெரியாது. தன் எண் மட்டும்தான் தெரியும். பழைய பேரிங்கைத் தூக்கி எறியும் முன் மண்ணெண்ணெயில் கழுவி, பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

போர் முடிந்து வந்த ஜீப்பிலிருந்து ஒரு புதுத் தொழிலே பிறந்தது, தெரியுமா?

போருக்குப் பின் ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளை விவசாயிகள் வாங்கினார்கள். சாதாரணச் சாலையில் இரு சக்கர இழுவையில் ஓட்டும்போதும் முன் அச்சுத் தண்டு வீணாகச் சுழன்றுகொண்டே இருந்தது. சியாட்டிலில் ஆர்தர் வார்ன் 1948இல் அதற்கொரு வழி செய்தார். தேவைப்படாதபோது முன் சக்கரத்தைத் தண்டிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீ வீலிங் ஹப்! பழைய ஜீப்புக்கு இந்த ஹப்பைத் தேடுகிறீர்களா? தண்டின் முனையில் இருக்கும் பற்களை எண்ணுங்கள். வில்லிஸ் காலத்து முன் அச்சில் 10 பல். பின்னாளைய டானா 30 அச்சில் 27 பல். எண்ணாமல் வாங்கினால் இரண்டும் ஒரு நாளும் சேராது!

ஜீப் டயரும் டிராக்டர் டயரும் ஒரே அளவு, தெரியுமா?

6.00-16! ஆறு அங்குல அகலம், பதினாறு அங்குல ரிம். போர்க்கால ஜீப்பின் அளவு இது. நம் ஊர் டிராக்டர்கள் பலவற்றின் முன் சக்கர அளவும் இதேதான்! சின்ன ஊரில்கூட 6.00-16 டியூப் கிடைப்பதன் ரகசியம் இதுதான். வால்வு உங்கள் ரிம் துளைக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். டியூப் சரி, டிராக்டர் டயரை மட்டும் சாலையில் ஓடும் ஜீப்புக்கு மாட்டவே மாட்டாதீர்கள். அது உழவு வேகத்துக்குச் செய்தது.

அமெரிக்காவில் சட்டனூகா நகரத்துக் கோக்கர் டயர் நிறுவனம் பழைய காலத்து டயர்களைப் புதிதாகச் செய்து விற்பதையே தொழிலாக நடத்துகிறது. எதை வாங்கினாலும் டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பாருங்கள். 3419 என்றால் 2019ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்தில் பிறந்த டயர். தேடிக் கிடைத்த சந்தோஷத்தில் கிழட்டு ரப்பரை வாங்கிவிடாதீர்கள்!

உதிரிபாகம் எந்தெந்த நாட்டில் ஒளிந்திருக்கிறது, தெரியுமா?

அமெரிக்கப் படைகள் விட்டுச் சென்ற ஜீப்புகளை நீட்டி ஜீப்னி ஆக்கிய பிலிப்பைன்ஸில் எம்.டி. ஹுவான் நிறுவனம் போர்க்கால ஜீப்பின் உடற்கூட்டையே புதிதாகச் செய்கிறது. ஜப்பானில் மிட்சுபிஷி 1953இலிருந்து உரிமம் பெற்று ஜீப் செய்தது. 1998 வரை செய்தது! பம்பாயில் மகிந்திரா 1940களின் கடைசியிலேயே ஜீப் பூட்டத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் 1968இல் கைவிடப்பட்ட சிஜே-3பி என்ற ஜீப் வடிவம் இங்கே அதற்குப் பிறகும் பல்லாண்டு உருண்டது. அதனால்தான் சென்னை புதுப்பேட்டையிலும் டெல்லி மாயாபுரியிலும் பழைய ஜீப்பின் அச்சும் ஹப்பும் இன்னும் கண்ணில் படுகின்றன.

தயாரித்த நிறுவனமே மனமிறங்குவதும் உண்டு! 2021 ஆகஸ்டில் டொயோட்டா தன் 40 வரிசை லேண்ட் குரூசருக்கு நிறுத்திவிட்ட பாகங்களை மறுபடி செய்வதாக அறிவித்தது. பழைய வண்டிக்காரர்களுக்கு அது தீபாவளி!

கடைசியாக, ஒரு சின்ன நோட்டின் மதிப்பு தெரியுமா?

தேடக் கிளம்பும் முன் ஒரு பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: நட் எத்தனை, வட்டம் எவ்வளவு, நடுத்துளை எவ்வளவு, மரை இடதா வலதா, பேரிங் எண் என்ன, தண்டில் பல் எத்தனை. பழைய பாகத்தையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரருக்கு உங்கள் ஜீப்பின் வரலாறு தெரிய வேண்டியதில்லை. இந்த ஆறு விடை போதும்.

எங்கும் கிடைக்காத இடது மரை நட்டைக்கூட, அளவு கையில் இருந்தால் லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கலாம்; நல்ல எஃகில், கூம்பு 60 டிகிரியில் செய்யச் சொல்ல வேண்டும். 1940இல் வரைபடத்தில் போட்ட ஓர் அளவு இன்று நம் தெருவில் மறுபடி ஒரு நட்டாகப் பிறக்கிறது! அதை இடப்பக்கமாகத் திருகி இறுக்கும் அந்தக் கணத்தில் தாத்தா மறுபடி மலையேறத் தயார்!