குளிரில் வைக்க முடியாத இரத்தக் கூறு

வடகிழக்குப் பருவமழையோடு டெங்குக் காய்ச்சல் பரவும் மாதங்களில், தமிழக மருத்துவமனைகளில், நோயாளிகளின் உறவினர் அன்றாடம் விசாரிப்பது இரத்தத்தை உறையச் செய்யும் நுண்ணணுக்களான தட்டணுக்களின், அதாவது பிளேட்லெட்டுகளின், எண்ணிக்கையையே. சிவப்பணுக்கள் குளிர்பெட்டியில் 35 நாள் வரை காக்கப்படுகையில், தட்டணுக்கள் குளிரில் பயனிழப்பதால் 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், இடைவிடாது அசைக்கப்பட்டு, 5 நாள் மட்டுமே வைக்கப்படுகின்றன. அவ்வெப்பமே பாக்டீரியாக்கள் பெருகவும் ஏற்றது என்பதில்தான் இடர் உள்ளது. கொடையாளரின் தோலிலிருந்து ஊசிவழி நுழையும் சில கிருமிகள் சில நாட்களில் பல்கிப் பெருகி, இரத்தத்தில் நஞ்சேறும் செப்சிஸ் நிலையை உண்டாக்கக்கூடும். தோலை முறையாகத் தூய்மைசெய்வதும், முதலில் வரும் சிறிதளவு இரத்தத்தைத் தனிப்பையில் ஒதுக்குவதும் இதைக் குறைக்கின்றன. இந்தியாவில் எச்ஐவி, கல்லீரல் அழற்சி பி, சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குக் கட்டாயச் சோதனை உண்டு. பிரிட்டனோ 2011 முதல் தட்டணுக்களில் பாக்டீரியாவையும் சோதிக்கிறது. இரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்கு, எண்ணிக்கை 10,000க்குக் கீழே இறங்காதவரை, முன்தடுப்பாகத் தட்டணு ஏற்ற வேண்டியதில்லை என்பதே தேசிய வழிகாட்டுதலின் நிலைப்பாடு. எண்ணைக் கண்டு அஞ்சி உறவினர் வற்புறுத்துவது தேவையற்ற இடரையே தேடித்தரும். ஏற்றும்போது நடுக்கம், காய்ச்சல், மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே செவிலியரிடம் தெரிவியுங்கள்.