ஓணான் உறங்குகின்றதா, நோயுற்றதா?

உறக்கத்தையும் சாவையும் ஒன்றுக்கொன்று உவமையாகக் கூறுவது நம்மவர்க்குப் பழகிய வழக்கு. கேட்போரும் அதனைத் தத்துவமாகக் கொண்டு தலையசைப்பதோடு அமைவர். ஆனால், அவ்வுவமை தத்துவமாக நில்லாது, வீட்டுக்குள்ளே வந்து பிள்ளைகளைக் கலங்கவைக்கும் வேளையும் உண்டு. அவுஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓணான் வளர்க்கும் குடும்பங்கள் பல, குளிர்காலத்தில் இந்நிலையை எய்துகின்றன. நேற்றுவரை வெட்டுக்கிளியைக் கண்டதும் பாய்ந்தோடி வந்த பிராணி, இன்று உணவைத் திரும்பியும் பாராது, பெட்டியின் மூலையிலே மண்ணைக் கீறிப் பதுங்கிக் கண்மூடிக் கிடக்கின்றது. தொட்டால் மெல்ல அசைகின்றது, மீண்டும் அடங்கிவிடுகின்றது. "இது உறங்குகின்றதா, சாகின்றதா?" என்று பிள்ளை கேட்கின்றது. பெற்றோர் விடையறியாது நிற்கின்றனர்.

இவ்வினாவுக்கு விடை உண்டு. ஆயினும், உறங்கும் ஓணானின் முகத்தை மட்டும் பார்த்து அதனை அறிந்துகொள்ள இயலாது. உறங்குமுன்னர் அப்பிராணியை நாம் எவ்வளவு கவனித்திருந்தோம் என்பதிலேயே அது பெரிதும் தங்கியுள்ளது.

பாலைநில ஓணான்

மேல்நாட்டு வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் ஓணான் வகைகளுள் ஒன்று 'பியேடட் டிராகன்' எனப்படும் தாடி ஓணான். அவுஸ்திரேலியாவின் உட்பகுதியிலுள்ள வறண்ட நிலங்களே அதன் தாயகம். ஜேர்மானிய விலங்கியலறிஞர் ஏர்ன்ஸ்ட் ஆல் என்பவர் 1926 ஆம் ஆண்டிலே அதனை விஞ்ஞான உலகுக்கு விவரித்தார். வாலுட்பட 45 முதல் 60 சதமீற்றர் வரை அது வளரும். சினமோ அச்சமோ கொண்டால் தொண்டையிலுள்ள முட்செதில்களை விரித்துக் கருநிறமாக்கிக் காட்டும். அத்தோற்றமே தாடி என்னும் பெயரைத் தந்தது. நமது வேலிகளிலிருந்து தலையாட்டும் ஓணானும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றால், மாணவர்கள் அதன் உருவத்தை எளிதில் மனத்திற் கொள்ளலாம்.

ஏன் ஒடுங்குகின்றது?

நமது உடல் உண்ட உணவைக் கொண்டு தன் வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. ஓணானுக்கு அவ்வாற்றல் இல்லை. ஞாயிற்றிடமிருந்தும் சுடுகல்லிடமிருந்துமே அது வெப்பத்தைப் பெறவேண்டும். பகலில் வெயில் காய்ந்து, தன் உடல்வெப்பத்தை ஏறக்குறைய 35 பாகை சென்ரிகிறேட்டுக்கு அது உயர்த்திக்கொள்ளும். ஓடுவதும் இரை பிடிப்பதும் உண்டது செரிப்பதும் அவ்வெப்பத்தினாலேயே நடைபெறுவன.

அவுஸ்திரேலியாவில் யூன் முதல் ஓகஸ்ட் வரை குளிர்காலம். அப்போது பகல் குறுகும், இரையும் அருகும். உண்டாலும் செரிக்கப் போதிய வெப்பம் இராது. ஆதலின் ஓணான் உண்பதை விடுத்து, நிலத்துப் பொந்துகளிலும் விழுந்த மரங்களின் கீழும் ஒடுங்கி, உடலின் இயக்கத்தைக் குறைத்துக்கொள்கின்றது. பாலூட்டிகள் சில கொள்ளும் மாரி உறக்கத்தினின்றும் இது வேறானது. ஓணான் இடையிடையே விழிக்கும், நீர் அருந்தும், வெம்மையான நாளிலே சிறிது நகர்ந்து மீண்டும் ஒடுங்கும். இவ்வேறுபாட்டை உணர்த்தவே அமெரிக்க உயிரியலறிஞர் மேஹ்யூ என்பவர் 1965 இல் இதற்குப் 'புரூமேஷன்' எனத் தனிப்பெயர் இட்டார். நாம் அதனைக் குளிரொடுக்கம் எனலாம். ஆண்டு முழுவதும் வெம்மை நிலவும் நம் நாட்டின் சமவெளிகளில் இத்தகைய நீண்ட ஒடுக்கத்தை நாம் காண்பதில்லை. அதனாலேயே இக்காட்சி நமக்குப் புதுமையாகத் தோன்றுகின்றது.

வீட்டுப் பெட்டியில் வாழும் ஓணானுக்கு மின்குமிழே ஞாயிறு. அக்குமிழ் நாள்தோறும் ஒரே அளவாக எரிந்தபோதிலும், ஓராண்டு கடந்த ஓணான்கள் பல பருவம் அறிந்து ஒடுங்க முற்படுகின்றன. சில கிழமைகள் முதல் மூன்று மாதம் வரை ஒடுக்கம் நீடிக்கலாம். ஒருபோதும் ஒடுங்காத ஓணான்களும் உள. அவை ஒடுங்கவில்லையே என்று கவலைப்படவேண்டியதில்லை.

வெப்பமே அரண்

உறக்கத்தையும் நோயையும் பிரித்தறிவது ஏன் இத்துணை இன்றியமையாதது? நோயுற்றாலும் குளிரொடுக்கத்திலே தானாகத் தேறிவிடாதா? தேறாது, மாறாக, நிலைமை மோசமாகும். இதன் காரணத்தை அமெரிக்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சி தெளிவாக்கியது.

நமக்குத் தொற்றுநோய் வந்தால் காய்ச்சல் உண்டாகின்றது. தன் வெப்பத்தைத் தானே ஆக்கமாட்டாத ஓணான் எவ்வாறு காய்ச்சல் கொள்ளும்? மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குளூகர் என்பவரும் அவருடைய துணைவரும் இதனை ஆராய்ந்தனர். அமெரிக்கப் பாலையில் வாழும் இகுவானா ஓணான்களுக்குப் பக்டீரியாவை ஊசிவழி செலுத்தி, ஒருபுறம் வெம்மையும் மறுபுறம் குளிர்ச்சியும் உள்ள அறையிலே விட்டனர். அவை தாமாகவே வழக்கத்தினும் வெம்மையான இடத்தை நாடி உடல்வெப்பத்தை உயர்த்திக்கொண்டன. 1974 இல் இச்செய்தி வெளியாயிற்று. அடுத்த ஆண்டு வெளியான ஆய்விலே, தொற்றுக்கு ஆளான ஓணான்களை 34 முதல் 42 பாகை வரையுள்ள வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தனர். மிகுந்த வெப்பத்தில் இருந்தவற்றுள் கூடிய தொகையினவும், குறைந்த வெப்பத்தில் இருந்தவற்றுள் குறைந்த தொகையினவும் பிழைத்தன.

இதனால் அறியக்கிடப்பது யாது? வெப்பமே ஓணானின் அரண். குளிரொடுக்கத்திலே செரிமானம் மட்டுமன்றி நோயெதிர்க்கும் ஆற்றலும் ஒடுங்கிவிடுகின்றது. உடல்நலம் உள்ள ஓணானுக்கு அதனால் தீங்கில்லை. நோயுள்ள ஓணானோ, பகைவன் கோட்டைக்குள் இருக்கையிலே காவலரை உறங்கவிட்ட அரசனை ஒக்கும்.

உறக்கமா, நோயா?

உண்மையான ஒடுக்கம் படிப்படியாக வரும். முதலில் உணவு குறையும். பின்னர் வெயில் காயும் நேரம் குறையும். சில நாட்களில் இருண்ட மூலையை நாடும். உடல் திரட்சியாகவே இருக்கும். வாலின் அடிப்பகுதி பருத்திருக்கும். எழுப்பினால், சோம்பலாயினும், தெளிந்த கண்களைத் திறந்து பார்க்கும். முக்கியமாக, எடை பெரிதும் மாறாது.

நோயின் குறிகள் வேறு. சோர்வு திடீரென வரும். கண்கள் குழிவிழும், இடுப்பெலும்பு துருத்தும், வாலடி மெலியும். மூக்கிலும் வாயிலும் சளி காணும். வெயில் காயும்போது வாய் திறந்திருப்பது இயல்பு; குளிர்ந்த இடத்திலும் வாயைத் திறந்து மூச்சு வாங்குமாயின் அது சுவாச நோயின் குறியாகலாம். மலம் நீர்த்தும் நாற்றம் மிகுந்தும் போவது குடற்கிருமிகளைக் காட்டலாம். தாடை மென்மையாதல், கால்கள் வீங்குதல், விரல்கள் நடுங்குதல் என்பன கல்சியக் குறைவால் எலும்பு நலிவதன் அடையாளங்கள். ஓராண்டு நிரம்பாத குட்டி உண்ணாது கிடந்தால், அதனை ஒடுக்கமென்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். நோயுமின்றி, ஒடுக்கமுமின்றி, பெட்டியின் குறையினாலேயே ஓணான் சோர்வதுண்டு. ஊதாக் கடந்த கதிர் இன்றேல் அதன் உடலில் விற்றமின் டி உண்டாகாது. விற்றமின் டி இன்றேல் உண்ட கல்சியம் எலும்பிற் சேராது. சாளரக் கண்ணாடியூடாக வரும் வெயிலில் அக்கதிர் பெரும்பாலும் தடைபட்டுவிடும். அதற்கென உள்ள விளக்குகளும் வெளிச்சம் குன்றாதிருக்கையிலேயே கதிர்வலிமையை இழந்துவிடுவன. ஆதலின் குறித்த காலத்தில் அவற்றை மாற்றவேண்டும். வெயில் காயும் இடம் 38 முதல் 42 பாகை வரை உள்ளதா என்பதை வெப்பமானியினால் அளந்தறிதல் வேண்டும். கையினால் தொட்டு மதிப்பிடுதல் போதாது.

ஒடுங்குமுன் செய்யவேண்டியவை

குளிர்காலத்துக்கு முன்னரே, ஊர்வனவற்றின் மருத்துவத்தில் பயிற்சியுள்ள மிருக வைத்தியரிடம் ஓணானைக் காட்டி, மலப் பரிசோதனை செய்வித்தல் முதற்கடன். கிருமிகள் மிகுந்திருப்பின் அவற்றை நீக்கிய பின்னரே ஒடுங்கவிடலாம்.

இரண்டாவது, குடல் வெறுமையாதல். ஓணான் தானாக உணவை மறுக்கத் தொடங்கியதும் உணவு கொடுப்பதை நிறுத்தவேண்டும். ஆனால் வெப்பத்தை உடனே நிறுத்தக்கூடாது. ஏறக்குறைய இரண்டு கிழமைக்கு வெப்பமும் வெளிச்சமும் இருந்தால், உண்டது செரித்துக் கழிந்துவிடும். வயிற்றில் உணவோடு குளிரில் ஒடுங்கினால் அவ்வுணவு செரியாது அழுகி, உயிருக்கே கேடு விளைவிக்கும். அன்பு மிகுதியால் வாயைத் திறந்து ஊட்டுவோர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். குடல் வெறுமையான பின்னர் விளக்கு எரியும் நேரத்தையும் வெப்பத்தையும் படிப்படியாகக் குறைக்கலாம்.

மூன்றாவது, எடை. ஒரு சிறு தராசும் ஒரு பயிற்சிப் புத்தகமும் இதற்குப் போதும். ஒடுங்குமுன் உள்ள எடையைக் குறித்துவைத்து, பின்னர் கிழமைக்கு ஒருமுறை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். 400 கிராம் எடையுள்ள ஓணான் சில கிராம் குறைவது இயல்பு. பத்தில் ஒரு பங்கு, அஃதாவது 40 கிராம், குறைந்துவிட்டால் அதனை உறக்கமென்று கொள்ளாது, வைத்தியரை நாடவேண்டும். ஆழமற்ற பாத்திரத்தில் நாள்தோறும் புதுநீர் வைத்தலும், அமைதியும் இருளும் பேணுதலும் அன்றி, உறங்கும் நாட்களிலே வேறு பணிவிடை வேண்டியதில்லை. அடிக்கடி எழுப்பிப் பார்ப்பதும் ஒரு தொல்லையே.

ஐயம் வலுக்குமாயின் செய்யவேண்டியது ஒன்றே: ஓணானைப் படிப்படியாக வெம்மைக்குக் கொணர்ந்து, வைத்தியரிடம் காட்டுதல். குளிர்ந்த உடலிலே மருந்தும் தன் வேலையைச் செவ்வனே செய்யாது. உறங்கும் ஓணானை எழுப்பிவிட்டதனால் வரும் நட்டம் சிறிது. நோயுள்ளதை உறங்கவிட்டதனால் வரும் நட்டமோ மீளப் பெறவொண்ணாதது.

விழித்தெழும்போது

பருவம் மாறியதும் ஓணான் தானே வெளிவரும். அப்போது வெப்பத்தையும் வெளிச்சத்தையும் சில நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். முதலில் நீர், உடல் நன்கு வெம்மையுற்ற பின்னரே இலேசான உணவு. ஒன்றிரண்டு கிழமையில் முன்போல் உண்ணத் தொடங்கும். வெப்பம் போதியதாயிருந்தும் அதற்கு மேலும் உண்ண மறுத்தால் வைத்தியரின் துணை வேண்டும்.

ஓணானையோ பெட்டியையோ தொட்ட பின்னர் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் எக்காலத்தும் தவறலாகாது. நோயின் சாயலின்றி இருக்கும் ஓணானும் சல்மனெல்லா என்னும் பக்டீரியாவைத் தாங்கியிருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அதனைத் தொடவிடாதிருத்தல் நலம்.

இக்கட்டுரையைப் படித்துவிட்டு, வேலியிலுள்ள ஓணானைப் பிடித்துப் பெட்டியில் அடைக்க மாணவர் எவரும் முற்படவேண்டாம். காட்டுயிரை அடைத்துவைப்பது அதற்குத் துன்பம் என்பதோடு, இந்நாட்டின் ஊர்வன பலவற்றை 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் காத்துநிற்கின்றது. அவுஸ்திரேலியாவிலும் தாடி ஓணான் வளர்ப்போர் பல மாநிலங்களில் உரிமம் பெறவேண்டியுள்ளது.

எனினும், ஓணான் வளர்க்காத வீட்டுக்கும் இதிலே ஒரு பாடம் உண்டு. ஆடாயினும் கிளியாயினும் வாய்பேசாப் பிராணி தன் நோவைச் சொல்லாது. நலமாயிருந்த நாட்களில் அது எவ்வளவு உண்டது, எவ்வாறு நடந்தது, எத்தனை கிராம் நிறுத்தது என்பதை அறிந்தவனுக்கே, நலங்குன்றிய நாளில் அதன் மௌனம் விளங்கும். பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்திலே கிழமைதோறும் ஏறும் அந்த ஒரு வரி, ஓர் உயிரைக் காக்கும் வரியாக அமைதல் கூடும்.