பயிர் மருந்துக்கு ஒரு பூட்டுப் பெட்டி

சொந்த ஊரில் இருந்த காலத்தில் பயிர் மருந்தை வைப்பதற்கு எமது கமக்காரக் குடும்பங்களுக்கு ஏதாவதொரு இடம் இருந்தது. தோட்டத்தில் ஒரு கொட்டில், வளவின் மூலையில் ஒரு பத்தி, அல்லது மாட்டுக்கொட்டிலின் பரண் அதற்குப் போதுமானதாக இருந்தது. இடம்பெயர்ந்து வாழும்போது நிலைமை வேறு. தறப்பாளோ தகரமோ போட்ட ஒரே அறைக்குள் சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு, விதை மூடை, மண்வெட்டி யாவும் அடங்க வேண்டியிருக்கிறது. மருந்துப் போத்தலும் அதே கூரையின் கீழ்தான் இருக்கிறது. கட்டிலின் கீழே, கிடுகின் இடுக்கில், அரிசிச் சாக்கின் பின்னால் என்று அதற்குக் கிடைக்கும் இடங்கள் எல்லாம் கைக்கு எட்டும் இடங்களே. சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களிலும் பலர் இப்படியான தற்காலிகக் கொட்டிலிலிருந்துதான் மீண்டும் தொடங்குகிறார்கள்.

இந்த மருந்தை எப்படிப் பூட்டி வைப்பது, அதற்கு எப்படிப்பட்ட பெட்டியைத் தெரிவுசெய்வது என்பதை இங்கு விளக்க முயல்கிறோம்.

ஏன் பூட்ட வேண்டும்?

வீட்டுக்குள் இருக்கும் பயிர் மருந்தினால் மூன்று வகையான ஆபத்துக்கள் ஏற்படுகின்றன. முதலாவது, தவழும் பிள்ளையும் நடை பழகும் பிள்ளையும் கைக்கு எட்டியதை வாயில் வைப்பது. இரண்டாவது, இருட்டில் அல்லது அவசரத்தில் பெரியவர்களே போத்தலை மாறி எடுத்துவிடுவது. சோடாப் போத்தலில் மருந்தை ஊற்றி வைக்கும் வீடுகளில் இது கூடுதலாக நடக்கும். மூன்றாவதைப் பற்றிப் பேசுவதற்கு எல்லோரும் தயங்குவார்கள். கோபத்திலும் மனமுறிவிலும் ஒருவர் தமக்குத் தாமே தீங்கு செய்துகொள்ள எண்ணும் வேளையில் நஞ்சு பக்கத்திலேயே இருப்பதுதான் அந்த ஆபத்து. அப்படியான எண்ணம் பலருக்கு நீண்ட நேரம் நிலைப்பதில்லை. சண்டை ஓய்ந்து, ஒருவர் வந்து பேசி, பொழுது விடிந்துவிட்டால் மனம் மாறிவிடுகிறது. அந்தக் குறுகிய நேரத்தில் மருந்து கைக்கு எட்டாமல் இருந்தால் ஓர் உயிர் தப்பிவிடும்.

இழப்பும் கடனும் அந்நியச் சூழலும் அழுத்தும் குடும்பங்களில் மனம் சோர்வது இயல்பே. அது எவருடைய குற்றமுமல்ல. ஆகவே "எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை" என்று எண்ணாது, வீட்டில் மருந்து வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பூட்டுப் பெட்டியைப் பற்றிச் சிந்திப்பது நல்லது.

இந்நாடு கண்ட அனுபவம்

1995 அளவில் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிகக் கூடியவற்றுள் ஒன்றாக இருந்தது. ஒரு இலட்சம் பேருக்கு ஆண்டொன்றில் ஏறத்தாழ 47 பேர் இவ்வாறு இறந்தனர். அவர்களில் பெருந்தொகையினர் பயிர் மருந்தினால் இறந்தவர்கள். நச்சுத்தன்மை மிகக் கூடிய மருந்துகள் 1995இலும் 1998இலும், பின்னர் 2008 முதல் 2011 வரையிலும் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அடுத்த 20 ஆண்டுகளில் இவ்விகிதம் 70 வீதமளவில் குறைந்தது. தடைகளினால் நெல் விளைச்சல் வீழ்ச்சியடையவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். இவ்வளவு உயிர்கள் காப்பாற்றப்பட்டமைக்கு, கையெட்டும் தூரத்தில் கொடிய நஞ்சு இல்லாமற் போனதே முக்கிய காரணம்.

பெட்டியைப் பற்றியும் இந்நாட்டிலேயே ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. வடமத்திய மாகாணத்தில் 2010ஆம் ஆண்டின் இறுதி தொடக்கம் 180 கிராமங்கள் தெரிவுசெய்யப்பட்டு, 90 கிராமங்களின் கமக்கார வீடுகளுக்குப் பூட்டுப் பெட்டிகள் வழங்கப்பட்டன. ஏனைய 90 கிராமங்களுக்கு வழங்கப்படவில்லை. இரு பகுதியிலுமாக 50,000க்கு மேற்பட்ட வீடுகள் இதில் அடங்கின. 2017இல் வெளிவந்த முடிவு பலரையும் சிந்திக்க வைத்தது. பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடுக்காத கிராமங்களுக்குமிடையே, மருந்து அருந்தியோர் தொகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதற்கு முன் நடந்த சிறிய பரிசோதனை ஒன்றில் வேறொரு சிக்கலும் தெரிந்தது. அதுவரை தோட்டத்தில் மருந்தை வைத்திருந்த சிலர், பெட்டி கிடைத்ததும் அதை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டனர்.

அப்படியானால் பெட்டி வீணா என்று கேட்கலாம். வீண் அன்று. ஆனால் பெட்டி இருப்பது மட்டும் பாதுகாப்பாகாது. பூட்டாத பெட்டியும், திறப்புத் தொங்கும் பெட்டியும் வெறும் தட்டுக்குச் சமம். எனவே நாள்தோறும் அலுப்பின்றிப் பூட்டக்கூடிய பெட்டியையே நாம் தெரிவுசெய்ய வேண்டும். அதற்குள் வைக்கும் மருந்தின் அளவையும் குறைக்க வேண்டும்.

எவ்வளவு பெரிது?

சிறிய பெட்டியே சிறந்தது. பெரிய பெட்டி வாங்கினால் அதை நிரப்பும் எண்ணம் தானாகவே வந்துவிடும். அரை ஏக்கர் வெங்காயமோ மிளகாயோ செய்யும் குடும்பத்துக்கு இரண்டு மூன்று சிறு போத்தல்களும், சில தூள் பைக்கற்றுகளும், அளவுக் கிண்ணமும், கையுறையும் வைக்க இடம் இருந்தால் போதும். உட்புறம் 18 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 14 அங்குல உயரம் கொண்ட பெட்டி இதற்குத் தாராளமாகப் போதும். உயரத்தைக் குறைக்க வேண்டாம். போத்தலைச் சரித்து வைத்தால் மூடி கசியும். தெளிகருவி பெட்டிக்குள் அடங்காது. அதைக் கழுவி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள்.

2021இல் இறக்குமதித் தடை வந்து, பின்னர் அதே ஆண்டில் நீக்கப்பட்டபோது விலைகள் ஏறின. கிடைத்ததை வாங்கிச் சேர்த்து வைக்கும் எண்ணம் பலருக்கு அப்போது உண்டாயிற்று. சேர்த்து வைத்த மருந்து காலாவதியாகிப் பயனற்றுப் போகும், ஆனால் அதன் நஞ்சு வீட்டிலேயே இருக்கும். ஒரு போகத்துக்குத் தேவையானதை மட்டும், இயலுமானால் ஒரு தடவை அடிப்பதற்குத் தேவையானதை மட்டும், அனுமதி பெற்ற கடையில் வாங்குவதே சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும்.

எதனால் செய்தது?

மரப் பெட்டி மலிவு. ஊர்த் தச்சுத் தொழிலாளி செய்து தருவார். ஆனால் சிந்தும் மருந்தை மரம் உறிஞ்சிவிடும். ஆகவே அடியில் தகரத் தட்டம் ஒன்று இடவேண்டும். தகரப் பெட்டி உறுதியானது. துருப்பிடிக்காமல் உள்ளும் புறமும் மை பூச வேண்டும். தடித்த பிளாஸ்டிக் பெட்டி பாரம் குறைந்தது, துருவும் பிடிக்காது. மறுபடி இடம் மாற வேண்டிவந்தாலும் தூக்கிச் செல்ல வசதி. ஆனால் மெல்லிய பிளாஸ்டிக்கை உடைப்பது எளிது. மூடியை அமர்த்தி, நெம்பிப் பார்த்து வாங்குங்கள்.

காணிகளில் கிடக்கும் பழைய இரும்புப் பெட்டிகளை இதற்கென எடுத்துவர வேண்டாம். போர் நடந்த இடங்களில் அவற்றினுள்ளும் அருகிலும் வெடிபொருள் இருக்கக்கூடும். அப்படியானவற்றைத் தொடாது, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

எந்த மூலப்பொருளாயினும் மூன்றைக் கவனியுங்கள். பிணைச்சல்கள் வெளியிலிருந்து கழற்ற முடியாதவையாக இருக்க வேண்டும். பூட்டுக் கொண்டியைத் திருகாணியால் அல்லாது, உட்புறம் நட் முடுக்கிய போல்ட்டினால் பொருத்த வேண்டும். பெட்டியைச் சங்கிலியாலோ போல்ட்டாலோ தூணுடன் இணைக்க வேண்டும். தூக்கிச் செல்லக்கூடிய பெட்டியைப் பூட்டோடு சேர்த்துத் தூக்கிச் சென்றுவிடலாம் அல்லவா?

பூட்டும் திறப்பும்

வயலில் நின்று வரும் ஒருவர் களைத்து, ஈரக் கையோடு வருகிறார். பூட்டு இறுகித் திறக்க மறுத்தால் முதல் நாள் பொறுமையோடு திறப்பார். நாலாம் நாள் பூட்டாமலே விட்டுவிடுவார். எனவே விரைவாகத் திறக்கக்கூடிய, அமர்த்தியதும் தானாகவே பூட்டிக்கொள்ளும் ஆமைப்பூட்டைத் தெரிவுசெய்யுங்கள். துருப்பிடிக்காத பித்தளைப் பூட்டு நல்லது. மாதம் ஒருமுறை ஒரு துளி எண்ணெய் விட்டால் இலேசாகத் திறக்கும்.

இலக்கப் பூட்டுக்குத் திறப்புத் தேவையில்லை என்பது வசதிதான். ஆனால் இருட்டில் இலக்கம் தெரியாது. பக்கத்தில் நிற்கும் பிள்ளை இலக்கத்தைப் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ளும். ஒரே அறையில் வாழும் வீட்டில் இரகசிய இலக்கம் நெடுநாள் இரகசியமாக இராது.

திறப்பு இரண்டு இருக்கும். ஒன்று மருந்தடிப்பவரின் இடுப்புக் கயிற்றிலோ கழுத்திலோ எப்பொழுதும் இருக்கட்டும். ஆணியில் தொங்கவிடுவதும், தலையணையின் கீழ் வைப்பதும், பெட்டியின் மேல் வைப்பதும் கூடாது. மற்றத் திறப்பை வேறு வீட்டில் உள்ள நம்பிக்கையான உறவினரிடமோ அயலவரிடமோ கொடுத்து வையுங்கள். மருந்தடிப்பவரே மனம் சோர்ந்தோ மதுவுக்கு ஆட்பட்டோ இருப்பதாக வீட்டார் உணர்ந்தால், இரு திறப்புகளும் சிறிது காலம் வேறொருவரிடம் இருப்பது நல்லது. மருந்தை முற்றாகவே வீட்டிலிருந்து அகற்றுவது அதனிலும் நல்லது. இதை அவமானமாகக் கருதாமல், அன்போடு பேசிச் செய்யலாம்.

எங்கே வைப்பது?

"எங்கட கொட்டிலிலை பெட்டி வைக்க இடம் எங்கை?" என்று தாய்மார் கேட்பது நியாயமே. படுக்கும் இடமும் அடுப்படியும் வேண்டாம். தானியமும் தண்ணீரும் இருக்கும் இடமும் வேண்டாம். வெளிப்புறச் சுவரோடு ஒட்டி, தாழ்வாரத்தின் நிழலில், மழைச்சாரல் படாதபடி, கிணற்றுக்கு எட்ட வைப்பதே ஏற்றது. மாரியில் வெள்ளம் ஏறும் இடமாயின் கல்லடுக்கியோ மரக்குற்றி நாட்டியோ குறைந்தது 2 அடி உயர்த்துங்கள். பெட்டிக்குள் தூள் மருந்து மேலேயும் நீர் மருந்து கீழேயும் இருக்கட்டும். நீர் மருந்து கசிந்தாலும் தூள் கெடாது.

ஏற்கெனவே தோட்டத்தில் பாதுகாப்பாக வைத்திருப்பவர்கள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். பெட்டியைத் தோட்டத்துக்கே கொண்டுபோய்த் தூணோடு பூட்டுங்கள்.

பல குடும்பங்கள் நெருங்கி வாழும் இடங்களில் பொதுக் களஞ்சியம் இன்னும் சிறந்த வழியாகும். தமிழ்நாட்டின் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரு கிராமங்களில், விவசாயிகள் தத்தம் மருந்தை வீட்டில் வைக்காது பொதுக் கட்டடம் ஒன்றிலுள்ள தனித்தனிப் பூட்டுப் பெட்டிகளில் வைத்தனர். சிறிய முயற்சியாயினும், 2013இல் வெளிவந்த அதன் முடிவுகள் நம்பிக்கை தருவனவாக இருந்தன. எமது கமக்கார அமைப்புகளும் இதைப் பற்றிக் கூடிப் பேசலாம். கமநல சேவை நிலையத்தையும் விவசாயப் போதனாசிரியரையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

மறக்கக்கூடாத பழக்கங்கள்

1. மருந்தை அதன் சொந்தப் போத்தலிலேயே, சுட்டுத்துண்டோடு வைத்திருங்கள். சோடாப் போத்தலிலோ தேநீர்க் கோப்பையிலோ ஒருபோதும் ஊற்ற வேண்டாம்.

2. தேவையான அளவை எடுத்தவுடன், தெளிக்கப் போகுமுன்பே பெட்டியைப் பூட்டுங்கள். "வந்து பூட்டுவோம்" என்பது பூட்டாமல் விடுவதற்கே வழி.

3. வெறும் போத்தலை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றுங்கள். பின்னர் போத்தலைத் துளையிட்டு விடுங்கள். தண்ணீருக்கோ மண்ணெண்ணெய்க்கோ அதை எடுக்க வேண்டாம்.

4. ஒவ்வொரு போக முடிவிலும் பெட்டியைத் திறந்து பார்த்து, பழையனவற்றை என்ன செய்வது என்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். கிணற்றிலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம்.

விபத்து நேர்ந்தால்

யாராவது மருந்தை விழுங்கியதாகத் தெரிந்தால், நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். பாலோ முட்டையோ புளியோ கொடுக்க வேண்டாம். நினைவு மங்கியிருந்தால் இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். உடையில் மருந்து பட்டிருந்தால் உடையைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் 15 நிமிடம் சுத்தமான நீரை ஊற்றிக் கழுவுங்கள். மருந்துப் போத்தலைச் சுட்டுத்துண்டோடு வைத்தியரிடம் காட்டுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும்.

மனம் தாங்க முடியாத நிலையில் இருப்பவர்களும், அவர்களைப் பற்றிக் கவலைப்படும் குடும்பத்தவரும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். அப்படி ஒருவர் சோர்ந்திருப்பதைக் கண்டால், என்ன நடந்தது என்று நேரடியாகக் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்பதால் தீங்கு வராது. ஒருவர் அருகிருந்து கேட்டாலே பாரம் பாதி குறையும்.

ஒரு பெட்டியும் ஒரு பூட்டும் பெரிய செலவல்ல. அதுவரை காத்திராமல், வீட்டில் எத்தனை மருந்துப் போத்தல் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதை இன்றே எண்ணிப் பாருங்கள். இனித் தேவைப்படாதவற்றைப் பிரித்தெடுங்கள். எஞ்சியதைப் பூட்டக்கூடிய இடத்துக்கு மாற்றி, திறப்பை உங்கள் இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள்.