அருவருப்பும் அறத்தீர்ப்பும்

2018-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், திருப்பூர் மாவட்டம் அவிநாசியை அடுத்த திருமலைக்கவுண்டன்பாளையம் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு, அருந்ததியர் குலத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் சத்துணவுச் சமையலராக வந்தார். அவர் சமைத்ததைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் திரண்டு எதிர்த்தனர். அதிகாரிகள் முதலில் அந்த அம்மையாரையே வேறு பள்ளிக்கு மாற்றினர். கண்டனம் எழுந்த பின்னரே அம்மாற்றம் நீக்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்கும் பதிவாயிற்று.

இந்நிகழ்ச்சியைச் சட்டத்தின் நோக்கிலும் சமூகவியலின் நோக்கிலும் ஆராய்ந்தோர் பலர். ஈண்டு நாம் கேட்க விரும்புவது வேறொன்று. இவ்வாறு எதிர்ப்போர் தாம் தீமை செய்வதாக எண்ணுவதில்லை. பிள்ளைகளைக் காக்கும் பெற்றோர் கடமையைச் செய்வதாகவே நினைக்கின்றனர். மனச்சாட்சி அவர்களைக் குத்தவில்லை. தம் பக்கம் நின்று பேசுவதாகவே உணர்கின்றனர். அங்ஙனமாயின், உள்ளத்தில் முந்தி எழும் அக்குரல் யாருடையது? பிரசங்க பீடத்தில் நின்று, "உங்கள் மனச்சாட்சியைக் கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லிப் பழகிய நமக்கு இக்கேள்வி எளிதன்று.

சார்லஸ் டார்வின், உணர்ச்சிகளின் வெளிப்பாட்டைக் குறித்து 1872-இல் வெளியிட்ட நூலில், தமக்கு நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். தென் அமெரிக்காவின் தென்கோடியாகிய தியெரா தெல் பியூகோவில் அவர் பதப்படுத்திய இறைச்சியை உண்டுகொண்டிருந்தபோது, அந்நிலத்தவன் ஒருவன் அதனை விரலால் தொட்டுப் பார்த்தான். இறைச்சியின் மென்மை அவனுக்கு அருவருப்பூட்டியது. அவன் தொட்டது டார்வினுக்கு அருவருப்பூட்டியது. அவன் கைகள் அழுக்காகத் தோன்றவில்லை என்பதையும் டார்வினே எழுதிவைத்தார். அடிமை முறையை மனமார வெறுத்தவர், மனிதர் யாவரும் ஒரே மூதாதையர் வழிவந்தோர் என வாதிட்டவர், இவ்வாறு உணர்ந்தார். அதனை மறைக்காத நேர்மைக்காக அவரை மெச்சவேண்டும்.

இவ்வுணர்ச்சி நம்மிடம் ஏன் உள்ளது? அழுகிய ஊனிலும் மலத்திலும் சீழிலும் நோய் தங்குகிறது. கிருமி என ஒன்று உண்டென அறியுமுன்னரே, இவற்றை விட்டு விலகியோர் பிழைத்து மக்களைப் பெற்றனர். விலகாதோருள் பலர் மாண்டனர். எண்ணற்ற தலைமுறைகளாக இவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட காவலே அருவருப்பு என்பது பரிணாமக் கொள்கையினர் தரும் விளக்கம். முகஞ்சுளித்தலும் குமட்டலும் உமிழ்தலும் அக்காவலின் மெய்ப்பாடுகள். (தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் இளிவரல் இதனை ஒருபுடை ஒக்கும். அதற்கு அவர் காட்டும் நிலைக்களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கே. பிறந்த குலம் அவற்றுள் இல்லை.)

இக்காவல் காரணம் கேட்டு நடப்பதன்று. அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினும் அவர்தம் துணைவரும் 1986-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கிருமி நீக்கப்பட்ட செத்த கரப்பான் பூச்சியைப் பழச்சாற்றில் தோய்த்து எடுத்தனர். தீங்கில்லை என்று அறிந்திருந்தும் மக்கள் அச்சாற்றைப் பருகக் கூசினர். தொட்டது பட்டதெல்லாம் தீட்டாகிவிடுகிறது; தெளிவான அறிவும் அத்தீட்டைக் கழுவுவதில்லை.

ஆயினும் இங்கே ஒரு வேறுபாட்டைத் தவறவிடலாகாது. தவழும் குழந்தை மண்ணையும் பூச்சியையும் தயங்காமல் வாயிலிடுகிறது. எதனைக் கண்டு முகஞ்சுளிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பெரியோரின் முகங்களைப் பார்த்தே அது கற்கிறது. அருவருக்கும் ஆற்றல் பரம்பரையாக வந்தது. அருவருப்பின் பொருளோ பெரும்பாலும் ஊரும் உறவும் தந்தது. தேநீர்க் கடையில் சிலருக்கெனத் தனிக் குவளை வைத்திருந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை. (காகிதக் குவளை வந்தபின் சில கடைகளில் அவ்வேற்றுமை நீங்கவில்லை, கண்ணுக்குப் படாமல் ஒளிந்துகொண்டது.)

அறத்தீர்ப்பில் உணர்ச்சி முந்தி ஓட, பகுத்தறிவு பின்னே சென்று காரணங்களைத் திரட்டித் தருகிறது என்று ஜோனதன் ஹைட் 2001-இல் வாதிட்டார். ஹியூம் 18-ஆம் நூற்றாண்டிலேயே கூறியதற்கு இஃது ஆய்வுக்கூட வடிவம் எனலாம். இக்கருத்தை அளவுக்கு மீறி நம்புவதும் கூடாது. நாற்றமடிக்கும் அறையில் அமர்ந்தோர் பிறர் குற்றத்தைக் கடுமையாகத் தீர்ப்பர் என்பது போன்ற முடிவுகள், 2015-இல் ஆய்வுகள் பலவற்றை ஒருங்கே தொகுத்து நோக்கியபோது வலுவிழந்தன. எனினும் அருவருப்பு அறத்தின் மொழியைப் பேசவல்லது என்பதற்குச் சான்று தேடி நாம் வெகுதொலைவு போகவேண்டியதில்லை. நம் தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் போதும். லேவியராகமம் 11-இல் உண்ணத்தகாத பிராணிகளுக்கு வழங்கும் 'அருவருப்பு' என்னும் சொல்லே நீதிமொழிகள் 11-இல் கள்ளத்தராசுக்கும், ஏசாயா முதலதிகாரத்தில் அநீதியுடையோர் காட்டும் தூபத்திற்கும் வழங்குகிறது. தீர்க்கதரிசிகள் அவ்வுணர்ச்சியை அழிக்க முயலவில்லை. அதன் பொருளை மாற்றினர். பந்தியிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து பலிபீடத்திற்கும் அதனைத் திருப்பினர்.

மனச்சாட்சி பரிணாமத்தில் தோன்றியதென்றால் அதன் மதிப்புக் குறைந்துவிடுமோ என்று அஞ்சும் மாணவருண்டு. கண்ணும் அவ்வாறே தோன்றியது, அது காணாமலில்லை. பேராயர் ஜோசப் பட்லர் 1726-இல் அச்சிட்ட பிரசங்கங்களில் வலிமை வேறு, அதிகாரம் வேறு என்று பிரித்துக் காட்டினார். ஓர் உணர்ச்சி பெருவலிமையுடன் எழலாம். அதனால் ஆளும் உரிமை அதற்கு வந்துவிடாது. முந்தி எழுந்த உணர்ச்சியைத் திரும்பி நோக்கித் தீர்ப்பிடுவதே மனச்சாட்சியின் தொழில். அருவருப்பை மனச்சாட்சியென மயங்குவதே திருமலைக்கவுண்டன்பாளையத்தில் நிகழ்ந்தது என்பது என் துணிபு.

கொங்கு நாட்டில் இம்மயக்கத்தை எளிதில் தோலுரிக்கலாம். மின் இறைப்பான்கள் வருமுன் இங்குள்ள கிணறுகளில் கவலை பூட்டி நீர் இறைத்தனர். அதற்கு வேண்டிய தோலைப் பதனிட்டுத் தைத்துக் கொடுத்தோர் அருந்ததியரே. அத்தோலில் ஏறி வந்த நீர் பாய்ந்தே ராகியும் சோளமும் விளைந்தன. அத்தானியத்தில் தீட்டில்லை, அதே கை தொட்ட குடத்தில் தீட்டு உண்டு. நோய்க்கு அஞ்சும் இயற்கைக் காவல் இத்தகைய கணக்குப் போடாது.

இலண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் ஐயர் 1830-இல் கோயம்புத்தூரில் ஊழியம் தொடங்கினார். இருபது ஆண்டுகளுக்குப்பின், 1850-இல், சென்னை மிஷனெரி மாநாடு சாதியைக் குறித்து ஒரு தீர்மானம் செய்தது. எக்குலத்தார் சமைத்ததையும் உண்ண மறுப்பவர் சாதியை விட்டவராகக் கருதப்படார் என்பது அதன் சாரம். லைப்சிக் மிஷனார் இதற்கு உடன்படவில்லை. கட்டாயத்தால் நா மெல்லும், உள்ளம் மெல்லாது என்ற அச்சம் பொருளற்றதன்று. அம்மாநாட்டார் தம் சொந்த மேசைக்கு எத்தனை இந்தியரை அழைத்தனர் என்பதும் கேட்கத்தக்க கேள்வியே. எனினும் நோய் எங்கே குடிகொண்டிருக்கிறது என்பதை அவர்கள் சரியாகவே கண்டனர்: அது விசுவாசப் பிரமாணத்தில் அன்று, அடுப்படியில் இருந்தது.

அப்போஸ்தலர் நடபடிகள் 10-ஆம் அதிகாரத்தை இந்நோக்கில் மீண்டும் வாசிக்கலாம். பேதுரு தங்கியிருந்தது தோல் பதனிடும் சீமோனின் வீடு. தரிசனத்தில் அவர் மறுத்தது வாதத்தால் அன்று. அப்படிப்பட்டதை ஒருநாளும் தின்றதில்லை என்னும் வாயின் பழக்கத்தால். தரிசனம் மூன்றுமுறை வந்தும் அவருக்குப் பொருள் விளங்கவில்லை. விளங்குமுன்னரே கொர்நேலியுவின் ஆட்களை உள்ளே அழைத்து உபசரித்தார், மறுநாள் புறப்பட்டார். அந்த வீட்டினுள் நுழைந்தபின்னரே பொருள் வாய்க்கு வந்தது. பின்பு எருசலேமில் அவர்மேல் சாட்டப்பட்ட குற்றமும் ஞானஸ்நானம் கொடுத்தது அன்று, அவர்களோடு உண்டதே. அந்தியோகியாவிலோ, தன் இனத்தார் வந்திறங்கியதும், அவர் பந்தியை விட்டு விலகினார். பேதுருவின் உபதேசத்தில் பவுல் பிழை காணவில்லை. விலகி உட்கார்ந்ததையே முகமுகமாய் எதிர்த்தார்.

இவற்றை நான் ஏட்டில் மட்டும் கற்கவில்லை. இறையியல் மாணவனாக வார இறுதி ஊழியத்திற்குச் சென்ற நாட்களில், ஊருக்குக் கிழக்கே இருந்த குடியிருப்பில் ஜெபக் கூட்டம் முடிந்ததும் இளநீரோ வாழைப்பழமோ சோடாவோ பெற்றுக்கொள்வேன். மூன்றுக்கும் தோலோ மூடியோ உண்டு என்பதை அப்போது நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஒருநாள் மூதாட்டி ஒருவர் சோறாக்கி வைத்து அழைத்தார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்; சொன்ன அக்கணத்தில் அது எனக்கே மெய்போலத் தோன்றியது. அடுத்த வாரம் நான் சைக்கிளை நிறுத்துமுன்னரே அவர் வாசலுக்கு வந்து கேட்டார்: "ஏனுங்க ஐயா, வயிறு இப்பத் தேவலைங்களா?"