பழைய கட்டடத்துக்கு புது செங்கல் ஒத்து வராதது ஏன்? தோல் பட்டறை பகுதியில் உப்பும் ஒரு வில்லன்

வாணியம்பாடி:

நூறு வருஷத்து சுவரில் நாலு செங்கல் உதிர்ந்தால் என்ன செய்வோம்? பக்கத்து சூளையில் கல் வாங்கி, சிமெண்ட் வைத்து பூசி விட்டால் போச்சு என்பார்கள். வினையே அங்கேதான் ஆரம்பம்.

பழைய சுவர்கள் சுண்ணாம்பு சாந்தில் கட்டியவை. மழையில் குடித்த ஈரத்தை சுண்ணாம்பு மெல்ல வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. அந்த ஈரம் பக்கத்தில் உள்ள பழைய கல் வழியாக வெளியேற, கல் பொரிந்து மாவாக கொட்டும்.

அளவும் சிக்கல்தான். மெத்தை வீடுகளில் உள்ள 'மெட்ராஸ் டெரஸ்' கூரைக்கு அச்சிக்கல் வேண்டும். சுமார் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், கனமோ 1 அங்குலம்தான். மர உத்திரங்களின் மேல் இதை செங்குத்தாக, சாய்வு வரிசையில் நெருக்கி அடுக்குவார்கள். இன்றைய பருமனான கல்லை வைத்து இந்த வேலை நடக்காது.

சென்னை சேப்பாக்கத்தில் ஆற்காடு நவாப் 1768-ல் கட்டிய அரண்மனையின் கலச மகால், 2012 ஜனவரியில் தீயில் நாசமானது. பொதுப்பணித்துறை அதை சுண்ணாம்பு கொண்டு பழைய முறையிலேயே மீட்டது. பசுமை தீர்ப்பாயம் பிறகு அங்கே குடியேறியது.

இப்படிப்பட்ட கல்லை கையால்தான் அறுக்க வேண்டும். ஈர மண் காய்ந்து வெந்ததும் பத்தில் ஒரு பங்கு வரை சுருங்கும். அதனால் மர அச்சை அந்த அளவுக்கு பெரிதாக செய்கிறார்கள். முதலில் சில கல் சுட்டு, பழைய கல்லோடு வைத்துப் பார்ப்பது நல்லது.

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் இன்னொரு தலைவலியும் உண்டு. தோல் பதப்படுத்த உப்பு நிறைய போகும். தோல் பட்டறை கழிவால் பாலாற்று படுகையில் நிலத்தடி நீர் கெட்டது பற்றி சுப்ரீம் கோர்ட்டு 1996-லேயே தீர்ப்பு சொன்னது. உப்புத் தண்ணீரில் மண் குழைத்தால் கல்லுக்குள் உப்பு தங்கும். ஈரம் காயும்போது வெள்ளையாக பூத்து, மேல்தோலை உரித்து விடும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். தட்டில் ஒரு அங்குலம் நல்ல தண்ணீர் ஊற்றி கல்லை நிறுத்துங்கள். தண்ணீர் வற்றியதும் வெள்ளை படிந்தால் அந்த கல் வேண்டாம்.

ஒரே ஒரு சங்கடம். பழைய கட்டடத்துக்கு தேவைப்படுவது சில ஆயிரம் கல்தான். அதற்காக தனி சூளை போட்டால் விறகு காசுகூட தேறாது. சாதாரண கல்லோடு சேர்த்து வேக வைக்க சூளைக்காரர் சம்மதிக்க வேண்டும்.