பழைய லாரியும் புதிய வேகமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்குக் கரையிலே கலிபோர்னியா என்னும் மாநிலம் இருக்கிறது. அதன் தென்பகுதியில், மலைத்தொடருக்கு அப்பால் பரந்து கிடக்கும் மொஹாவி பாலைவனத்தில், எல் மிராஜ் என்று ஓர் ஏரி உண்டு. ஏரி என்று சொன்னேனே தவிர, ஆண்டின் பெரும்பகுதியில் அதில் ஒரு கை நீரும் இராது. எப்போதோ பெய்த மழை தேங்கி, வற்றி, களிமண் இறுகி, சாணமிட்டு மெழுகிய நெற்களம் போலச் சில மைல் தூரத்துக்குச் சமதளமாகக் கிடக்கும். 1930ஆம் ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து இளைஞர்கள் பழைய ஃபோர்டு வண்டிகளை இத்தகைய வறண்ட ஏரிகளுக்கு ஓட்டிச் சென்றனர். அங்கே மட்கார்டுகளையும் முன்கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு, எவன் வண்டி விரைந்தது என்று அளந்து பார்த்தனர். 1937இல் அவர்களுடைய குழுக்கள் ஒன்று சேர்ந்து தென் கலிபோர்னியக் காலக்கணிப்புச் சங்கத்தை நிறுவின.

அவ்வாறு மாற்றியமைக்கப்பட்ட வண்டிக்கு ஹாட் ராட் என்று பெயர் வழங்கிற்று. அதன் இலக்கணம் எளியது: வண்டி பழையதாகவும் மலிவானதாகவும் இருக்க வேண்டும், அதன் எடை குறைய வேண்டும், எஞ்சினின் சக்தி மிக வேண்டும். முதலில் இரண்டு பேர் அமரும் கூரையற்ற கார்களே இதற்கு இரையாயின. பின்னர் அவர்கள் கண் பிக்கப் என்னும் சிறு லாரியின் மீதும் விழுந்தது. முன்னே ஓட்டுநர் அறையும் பின்னே திறந்த சரக்குத் தொட்டியும் உடைய வண்டி அது. ஃபோர்டு நிறுவனம் 1925இல் தன் டி மாடல் காரின் மீது இத்தகைய தொட்டியைத் தானே பொருத்தி 281 டாலருக்கு விற்றது. உழவரும் குழாய் வேலைக்காரரும் பால்காரரும் அவற்றை வாங்கினர். உழைத்துத் தேய்ந்த வண்டிகளைக் களஞ்சியத்தின் பின்புறம் நிறுத்திவிட்டு மறந்தும் போயினர். காசில்லாத இளைஞனுக்கு இதைவிட வேறு புதையல் வேண்டுமோ!

புதுப்பித்தல் வேறு, மாற்றியமைத்தல் வேறு என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக் கொள்வோம். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே வண்டியை மீட்பது புதுப்பித்தல். ஹாட் ராட் செய்பவனும் பாதி வழி வரை இதே பாதையில்தான் நடக்கிறான். துருவை நீக்குகிறான், உடைந்ததை ஒட்டுகிறான். அதன் பிறகு அவன் வேறு திசையில் திரும்பிவிடுகிறான். திரும்பிய இடத்திலேதான் அவனுடைய உண்மையான சோதனை தொடங்குகிறது. ஏனெனில் ஒரு மோட்டார் வண்டியில் எந்த உறுப்பும் தனித்து நிற்பதில்லை. ஒன்றை மாற்றினால், அதை ஒட்டிய மற்றொன்று, "என்னையும் கவனி" என்று கேட்கத் தொடங்கிவிடும்.

உதாரணமாக ஒரு வண்டியை எடுத்துக் கொள்வோம். 1953இல் ஃபோர்டு நிறுவனம் எஃப்-100 என்னும் அரை டன் பிக்கப்பை வெளியிட்டது. ஹாட் ராட் அன்பர்கள் மிகுதியாக விரும்பும் பழைய லாரிகளுள் இஃதொன்று. இதன் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சில் கோக்கப்பட்டவை. முன்னும் பின்னும் தகட்டு விற்கள். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகள். மின்சாரம் 6 வோல்ட். தொட்டியின் தரையோ மரப்பலகை. பலகைகளுக்கு இடையே இரும்புப் பட்டைகள்.

முதல் வேலை, வண்டியை ஆணிவேர் வரை பிரித்தெடுப்பது. கழற்றிய ஒவ்வோர் உறுப்புக்கும் சீட்டு எழுதிக் கட்டாதவன் மூன்று மாதம் கழித்துத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவான். ஓட்டுநர் அறையின் கீழ் மூலைகளிலும், கதவுகளின் அடியிலும், கால் வைக்கும் தரையிலும் துரு ஏறியிருக்கும். நீர் தேங்கும் இடமெல்லாம் துருவின் வீடு. பெரிய தகடுகளில் துருப்பட்ட பகுதியை வெட்டியெறிந்து புதுத் தகடு பற்றவைக்க வேண்டும். சிறு உறுப்புகளுக்கு, வேதியியல் மாணவர்கள் அறிந்த ஒரு வழி உண்டு. சலவைச் சோடா கரைத்த நீரில் துருப்பிடித்த இரும்பை அமிழ்த்தி மின்கலத்தின் எதிர்முனையோடும், வேறொரு பழைய இரும்புத் துண்டை நேர்முனையோடும் இணைத்து மின்சாரம் செலுத்தினால், துரு தளர்ந்து கழன்றுவிடும். அப்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், நெருப்பு இல்லாத வெளியிடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

அடுத்தது அடிச்சட்டம், பட்டறைகளில் சேசிஸ் என்பார்கள். இதன் நீள விட்டங்கள் ஒரு பக்கம் திறந்த, ப போன்ற வடிவுடையவை. இத்தகைய விட்டம் மேலிருந்து அழுத்தும் பாரத்தைத் தாங்கும். ஆனால் முறுக்கினால் எளிதில் நெளியும். ஒரு தீப்பெட்டியின் உறையை எடுத்து முறுக்கிப் பாருங்கள். பிறகு அதன் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு முறுக்குங்கள். வேறுபாடு கையிலேயே தெரியும். மெதுவாகச் செல்லும் லாரிக்கு நெளிவு குற்றமன்று. மேடு பள்ளத்தில் அது நன்மையே செய்யும். வலிய எஞ்சின் வந்தமர்ந்ததும் அதுவே பகையாகிறது. ஆகவே திறந்த பக்கத்தை எஃகுத் தகட்டால் மூடிப் பற்றவைக்கிறார்கள். ஒரே மூச்சில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பற்றவைத்தால், வெப்பத்தால் சட்டமே கோணிவிடும். இங்கே ஓர் அங்குலம், அங்கே ஓர் அங்குலம் என்று மாறி மாறி, ஆறவிட்டு ஆறவிட்டுச் செய்வது வழக்கம். பொறுமையில்லாதவன் சட்டத்தை வலுப்படுத்துவதாக எண்ணிக் கெடுத்துவிடுவான்.

இனி எஞ்சினுக்கு வருவோம். ஃபோர்டு நிறுவனம் 1932இல் எட்டுச் சிலிண்டர் எஞ்சினை ஒரே வார்ப்பாக வார்த்து, சாமானிய மக்கள் வாங்கும் விலையில் தந்தது. அதன் சக்தி 65 குதிரைச் சக்தி. சிலிண்டர்கள் நான்கு நான்காக இரு வரிசைகளில், வி என்னும் ஆங்கில எழுத்தைப் போலச் சாய்ந்திருக்கும். வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இராமல் பக்கத்தில் இருந்தமையால் மேல்மூடி தட்டையாக இருந்தது. ஹாட் ராட் இளைஞர்களுக்கு இவ்வெஞ்சின் குலதெய்வம் போன்றது. ஆயினும் குறையில்லாத தெய்வமன்று. எரிந்த புகை எஞ்சினின் வார்ப்புக்குள்ளேயே நுழைந்து வெளியேற வேண்டியிருந்தது. அதிலும் ஒவ்வொரு வரிசையின் நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களுக்குப் புகைவாயில் ஒன்றேதான். ஆதலால் குளிர்விக்கும் நீர் அளவுக்கு மீறிச் சூடேறும். வார்ப்பிரும்பு வெடிப்பும் காணும். பழைய வார்ப்பு ஒன்றை விலை பேசுமுன், அதைக் காந்தமூட்டி இரும்புத்தூள் தூவிப் பார்ப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்குமிடத்தில் தூள் கோடாகச் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

1953ஆம் ஆண்டு எஃப்-100இல் இவ்வகை எஞ்சின் சுமார் 100 குதிரைச் சக்தி தந்தது. அதை வைத்துக்கொள்ளலாம், அல்லது எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தலாம். 1955இல் ஷெவர்லே நிறுவனம் வால்வுகளை மேலே வைத்த, சிறிய உருவமுடைய எட்டுச் சிலிண்டர் எஞ்சினைக் கொண்டுவந்தது. அதுவும் அதன் வழித்தோன்றல்களும் அமெரிக்காவில் எண்ணற்ற பழைய வண்டிகளுக்குள் குடியேறின. ஃபோர்டு வண்டிக்குள் ஷெவர்லே எஞ்சினா என்று முகம் சுளிக்கும் வைதிகர்களும் இருக்கிறார்கள்! அவர்கள் வழக்கு இன்றளவும் தீரவில்லை. 1997இல் அந்நிறுவனம் கார்வெட் என்ற காரில் வைத்த 5.7 லிட்டர் எஞ்சின் 345 குதிரைச் சக்தி உடையது. அந்த இனத்து எஞ்சின்களைப் பழைய லாரிகளில் பொருத்துவது இப்போது பெருவழக்கு.

இங்கே மாணவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சக்தி ஏறத்தாழ மூன்றரை மடங்கு ஆயிற்று. உச்ச வேகமும் மூன்றரை மடங்கு ஆகுமா? ஆகாது. காற்றின் தடையை மட்டும் கருதினால், அதை எதிர்த்துச் செல்லத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. ஆகவே வேகம் ஒன்றரை மடங்குதான் ஆகும். இவ்வளவு செலவுக்கு இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. ஒன்றரையின் இருமடி இரண்டேகால். அதாவது, வண்டியை நிறுத்தும்போது பிரேக்குகள் வெப்பமாக்கித் தொலைக்க வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு ஆகிவிட்டது. பிரேக்குகளோ 1953ஆம் ஆண்டின் டிரம் பிரேக்குகள்! டிரம்முக்குள் அடைபட்ட வெப்பம் எளிதில் வெளியேறாது. அடுத்தடுத்து இரண்டு மூன்று முறை அழுத்தினால் பிடிப்பு மங்கிவிடும்.

அன்றியும், அக்காலத்துப் பிரேக் எண்ணெய் முழுதும் ஒரே குழாய் வழியில் ஓடிற்று. ஓரிடத்தில் குழாய் கசிந்தால் நான்கு சக்கரங்களும் கைவிட்டுவிடும். முன்னுக்கு ஒரு வழி, பின்னுக்கு ஒரு வழி என்று பிரிக்கப்பட்ட இரட்டை ஏற்பாடு அமெரிக்கக் கார்களில் 1960களின் பிற்பகுதியில்தான் பொதுவாயிற்று. ஆகவே எஞ்சினை மாற்றுபவன் இரட்டை ஏற்பாட்டையும், முன்சக்கரங்களுக்கேனும் வட்டத்தகட்டுப் பிரேக்கையும் பொருத்தியாக வேண்டும். பிக்கப்புக்கே உரிய தொல்லை இன்னொன்றும் உண்டு. சரக்கில்லாத போது வண்டியின் எடை பெரும்பாலும் முன்புறமே நிற்கிறது. பிரேக்கை அழுத்தினால் எடை இன்னும் முன்னே சாய்கிறது. லேசான பின்சக்கரங்கள் சுழலாமல் நின்று சறுக்க, வண்டியின் வால் பக்கவாட்டில் திரும்பிவிடும். இதைத் தடுக்கப் பின்சக்கரங்களுக்குச் செல்லும் எண்ணெய் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றை இடையில் வைக்கிறார்கள்.

எஞ்சினை வாங்க நண்பர்கள் பணம் சேர்த்துக் கொடுப்பார்கள். பிரேக்குக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள். அது புகைப்படத்தில் தெரிவதில்லை அல்லவா? இரண்டாம் உலகப்போருக்குப் பின் கலிபோர்னியச் சாலைகளில் ஹாட் ராட் வண்டிகள் இரவு நேரங்களில் பந்தயம் ஓடின. விபத்துகள் நேர்ந்தன, உயிர்கள் போயின. ஹாட் ராட் என்றாலே போக்கிரி என்று பொதுமக்கள் எண்ணும் நிலை வந்தது. 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தை நிறுவியதன் நோக்கம், பந்தயத்தைச் சாலையிலிருந்து அகற்றி, ஒதுக்கிய இடத்துக்குக் கொண்டு செல்வதே. அதன் முதல் அதிகாரபூர்வமான பந்தயம் 1953 ஏப்ரலில் பொமோனா என்னும் ஊரில் நிகழ்ந்தது. சோதித்துப் பார்த்த பின்னரே வண்டிகளை ஓடவிடும் முறையும் இச்சங்கங்களால் வேரூன்றியது.

சங்கிலியின் மற்ற கண்ணிகளையும் சற்றுப் பார்ப்போம். புது எஞ்சினுக்குப் பெரிய ரேடியேட்டர் வேண்டும். அதன் மின்கருவிகளுக்கு 12 வோல்ட் வேண்டும். எஞ்சினிலிருந்து பின்னச்சுக்குச் செல்லும் சுழல்தண்டின் இரு முனைகளிலும் யுனிவர்சல் மூட்டுகள் உண்டு. கோணத்தில் சுழலும் மூட்டு ஒரே சீராகச் சுழற்றுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சற்று முந்தியும் சற்றுப் பிந்தியும் சுழற்றும். இரு மூட்டுகளின் கோணங்களும் சமமாக இருந்தால் ஒன்றின் பிழையை மற்றொன்று தீர்த்துவிடும். வண்டியைத் தாழ்த்தும்போது இச்சமன் குலைந்தால், வண்டி முழுதும் காரணம் தெரியாமல் அதிரும்.

தாழ்த்துவதில் வேறோர் ஆபத்தும் இருக்கிறது. சக்கரம் மேட்டில் ஏறும்போது முன்னச்சு ஒரு வில்வட்டத்தில் எழும். ஸ்டியரிங்கோடு அதை இணைக்கும் கம்பியோ வேறொரு வில்வட்டத்தில் எழும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், ஓட்டுநன் திருப்பாமலே சக்கரம் தானாகத் திரும்பும். இக்காரணத்தால் பலர் பழைய அச்சையே எடுத்துவிட்டு, 1974 முதல் 1978 வரை வந்த மஸ்டாங் இரண்டு என்னும் காரின் முன்பகுதி அமைப்பைத் தழுவிச் செய்த உறுப்புகளை வைக்கிறார்கள். அரை டன் சுமைக்கென்று அமைந்த பின்பக்கத் தகட்டு விற்களில் சில தகடுகளை உருவிவிட்டால் வெறும் வண்டி குதிப்பது குறையும். ஆனால் அதன் பிறகு அது சுமை வண்டியன்று.

கூரையைத் தாழ்த்தும் வேலை பார்வைக்கு அழகு, செய்வதற்கோ தலைவலி. கம்பங்கள் நேராக நில்லாமல் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால், இடையில் மூன்று அங்குலம் வெட்டிக் கூரையை இறக்கினால், மேல்பாதி கீழ்ப்பாதியோடு பொருந்தாது. கூரையையே பிளந்து நடுவில் தகடு சேர்க்க நேரும். முன்கண்ணாடியையும் வெட்ட வேண்டும். இரு தகடுகளை ஒட்டிய கண்ணாடியை வெட்டலாம். வெப்பமூட்டிக் கடினமாக்கிய கண்ணாடியை வெட்டப் போனால் பொடிப்பொடியாக உதிரும். முற்காலத்தில் பற்றவைத்த தழும்புகளை ஈயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கிப் பூசி மறைத்தனர். பழைய ஹாட் ராட் ஒன்றைத் தேய்ப்பவர்கள் அந்த ஈயத்தூள் நஞ்சென்பதை அறிந்திருத்தல் நலம்.

சிதையாத பழைய வண்டியை இப்படி வெட்டலாமா என்று கேட்பீர்கள். கூடாது என்பது என் கருத்து. தொழிற்சாலை வண்ணமும் எஞ்சினும் குலையாமல் வந்த லாரி ஒரு சாசனம் போன்றது. அதை வாசிக்கத் தெரிந்தவனிடம் விட்டுவிட வேண்டும். எஞ்சின் வெடித்து, தரை உதிர்ந்து, கோழிகள் குடியிருந்த வண்டியோ, மாற்றியமைப்பதால் எதையும் இழப்பதில்லை. அப்போதும் அறிவுள்ளவர்கள் வெட்டாமலே போல்ட்டால் பொருத்தக்கூடியதைப் பொருத்தி, கழற்றிய உறுப்புகளைச் சீட்டோடு கட்டி வைக்கிறார்கள்.

எல்லாம் முடிந்து வண்டி முதன்முறை வெளியே வரும் நாளில், தேர்ந்தவன் வேகத்தை நினைப்பதே இல்லை. ஆளில்லாத தெருவில் இருபது மைல் வேகத்தில் சென்று நிறுத்துகிறான். மறுபடி சென்று நிறுத்துகிறான். ஐம்பது மைல் ஓடியதும் சக்கரத்தின் நட்டுகளை மீண்டும் முறுக்குகிறான். இரவு, வண்டியின் அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்துவிட்டுப் படுக்கப் போகிறான். எந்த மூட்டு எண்ணெய் கசிகிறது என்பதைக் காலையில் அந்த அட்டை சொல்லிவிடும்.