முதலை முட்டை சொன்ன சேதி



முதலை என்றதும் நமக்கு அதன் வாயும் வாலும்தான் நினைவுக்கு வரும். ஆற்றங்கரைக்கு ஓடும் பிள்ளைகளை அதட்டி வீட்டுக்கு அழைக்க அந்தப் பெயர் போதும். ஆனால் அந்த முதலையின் முட்டையைக் கையில் எடுத்துப் பார்த்து, மனிதர்களுக்கே ஓர் எச்சரிக்கை விடுத்த விஞ்ஞானி ஒருவர் இருந்தார். பெயர் லூயிஸ் கில்லெட். அமெரிக்கர். 1954இல் பிறந்து, 2015 ஆகஸ்டு மாதம் தமது அறுபதாவது வயதில் காலமானார்.

தோட்டத்தில் இன்னமும் இருப்பவர்களும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்தில் குடியேறியவர்களும் இவரைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். முதலையில் தொடங்கும் இவர் கதை, நம்மவர்கள் முதுகில் சுமந்த மருந்துத் தோம்பில் வந்து நிற்கிறது.

பல்லியில் தொடங்கியது

கில்லெட் 1981இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். முதலில் அவர் ஆராய்ந்தது பல்லி, ஓணான் போன்றவற்றை. இவற்றில் சில முட்டையிடும். சில குட்டி போடும். ஒரே குடும்பத்தில் ஏன் இந்த வேறுபாடு? தாயின் உடலில் எந்த ஹார்மோன் எப்போது சுரக்கிறது? இப்படிப்பட்ட கேள்விகளே அவருடைய உலகம். பூச்சிமருந்துக்கும் அவருக்கும் அப்போது சம்பந்தமே இல்லை.

பிறகு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பணிக்கு வந்தார். அந்த மாநிலத்தில் தோலுக்காகவும் இறைச்சிக்காகவும் அலிகேட்டர் முதலைகளைப் பண்ணைகளில் வளர்க்கிறார்கள். அதற்கு ஏரிகளிலிருந்து முட்டை எடுக்க வேண்டும். எவ்வளவு எடுத்தால் ஏரிக்குக் கேடு வராது என்று வனவிலங்கு அதிகாரிகள் கணக்குப் பார்த்தார்கள். அப்போதுதான் அபாப்கா ஏரியின் முட்டைகள் கணக்குக்கு ஒத்துவரவில்லை என்பது தெரிந்தது. மற்ற ஏரிகளின் முட்டைகள் நன்றாகப் பொரித்தன. அபாப்கா முட்டைகளில் மிகப் பல பொரிக்காமலே கெட்டுப்போயின. குட்டி முதலைகளும் ஏரியில் அருகிவிட்டன.

காரணம் தேடினார்கள். அந்த ஏரியின் பக்கத்தில் டவர் கெமிக்கல் என்ற பூச்சிமருந்துத் தொழிற்சாலை இருந்தது. 1980இல் அங்கிருந்து டைக்கோஃபால் என்ற மருந்து கசிந்து வெளியேறியது. டைக்கோஃபாலை டி.டி.டி.யிலிருந்துதான் தயாரிப்பார்கள்; ஆகவே டி.டி.டி.யும் அதில் கலந்திருந்தது. டி.டி.டி.யை அமெரிக்கா 1972லேயே தடை செய்திருந்தது. போதாக்குறைக்கு, ஏரியின் வடகரையில் இருந்த காய்கறித் தோட்டங்களிலிருந்து பல ஆண்டுகளாக மருந்தும் உரமும் ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

உயிர் இருந்தது, வித்து இல்லை

கில்லெட்டும் அவருடைய குழுவினரும் அபாப்காவின் இளம் முதலைகளைப் பிடித்து, மாசு குறைந்த உட்ரஃப் ஏரியின் முதலைகளோடு ஒப்பிட்டார்கள். 1994இல் முடிவை வெளியிட்டார்கள். அபாப்காவின் பெண் முதலைகளின் இரத்தத்தில் பெண் ஹார்மோனான எஸ்ட்ரோஜன் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. சூலகமும் இயல்பாக இல்லை. ஆண் முதலைகளிலோ ஆண் ஹார்மோன் மிகக் குறைந்து, பெண்ணின் அளவுக்கே இறங்கிவிட்டிருந்தது. 1996இல் வந்த இன்னோர் ஆய்வில், ஆண் முதலைகளின் பிறப்புறுப்பு சராசரியாக 24 விழுக்காடு சிறுத்திருந்ததும், ஆண் ஹார்மோன் 70 விழுக்காடு குறைந்திருந்ததும் தெரியவந்தன.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த முதலைகள் நீந்தின, இரை தின்றன, வெயில் காய்ந்தன. கரையிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. அதுவரை நஞ்சு என்றால், 'எவ்வளவு கொடுத்தால் சாகும்?' என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. கில்லெட் போன்றவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள்: 'சாகாமல் பிழைத்தவைக்குப் பிள்ளை பிறக்குமா? பிறந்த பிள்ளை முழுமையாக இருக்குமா?'

பூட்டும் சாவியும்

இது எப்படி நடக்கிறது? ஹார்மோனைச் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். உடலின் உயிரணுக்களில் அதற்குரிய பூட்டுகள் இருக்கின்றன. சரியான சாவி சரியான நேரத்தில் திறந்தால், கருவில் இருக்கும் குஞ்சு ஆணாகவோ பெண்ணாகவோ ஒழுங்காக உருப்பெறும். டி.டி.டி. உடலுக்குள் சிதைந்து டி.டி.இ. என்ற பொருளாகிறது. இந்த டி.டி.இ. ஆண் ஹார்மோனின் பூட்டுக்குள் நுழைந்து, திறக்காமல் அடைத்துக்கொண்டு நிற்கும் என்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் 1995இல் கண்டறிந்தார்கள். வேறு சில இரசாயனங்கள் கள்ளச் சாவிபோல் பெண் ஹார்மோனின் பூட்டைத் திறந்துவிடும்.

முதலையின் முட்டையில் ஆணா பெண்ணா என்பதைக் கூட்டின் வெப்பம் தீர்மானிக்கிறது. ஏறக்குறைய 30 டிகிரியில் பெண்ணும் 33 டிகிரியில் ஆணும் பிறக்கும். இதே முறையில் பிறக்கும் ஆமைகளைக் கொண்டு 1994இல் ஒரு சோதனை செய்தார்கள். ஆண் பிறக்கும் வெப்பத்தில் வைத்த முட்டைகளின் ஓட்டின்மேல் பி.சி.பி. வகை இரசாயனத்தைத் தடவியபோது, பெண் குஞ்சுகள் பொரித்தன. ஓட்டின் மேல் தடவியது உள்ளே கருவையே மாற்றிவிட்டது.

'முதலைக்கு நடந்தால் மனிதனுக்கு என்ன?' என்று கேட்டவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். முதலைக்கு நேர்ந்தது அப்படியே மனிதனுக்கும் நேரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் முதலையின் உடலில் ஓடும் எஸ்ட்ரடயோல் ஹார்மோனும், நம் வீட்டுப் பெண்களின் உடலில் ஓடும் எஸ்ட்ரடயோலும் ஒரே பொருள். இந்த ஒற்றுமையைத்தான் கில்லெட் வாழ்நாள் முழுதும் எடுத்துச் சொன்னார். கடைசி ஆண்டுகளில் அவர் தென் கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மகப்பேறு மருத்துவத் துறையின் பேராசிரியராக இருந்தார். முதலை பிடித்தவருக்குப் பிரசவத் துறையில் நாற்காலி கிடைத்தது பொருத்தமே. 2011இல் அவருக்கு ஹைன்ஸ் விருதும் கிடைத்தது.

மனிதர்களைப் பார்த்தால்

மனிதர்களிடமும் சான்று உண்டு. 1977இல் கலிஃபோர்னியாவில் டி.பி.சி.பி. என்ற புழுக்கொல்லி தயாரித்த தொழிற்சாலையில், தொழிலாளர்களே தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்: 'நம்மில் யாருக்கும் ஏன் குழந்தை பிறக்கவில்லை?' சோதித்தபோது பலருக்கு விந்தணு குறைந்தோ, இல்லாமலோ போயிருந்தது. 1979இல் அமெரிக்கா அதைப் பெரும்பாலும் தடை செய்தது. அதே மருந்தை மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களில் தெளித்த தொழிலாளர்களும் மலடாகி, நீதிமன்றப் படி ஏறினார்கள்.

கில்லெட்டின் மனைவி எலிசபெத் கில்லெட் மானிடவியல் அறிஞர். மெக்சிகோவின் யாக்கி பள்ளத்தாக்கில் நாலைந்து வயதுக் குழந்தைகளைப் பார்த்து, 1998இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பள்ளத்தாக்கில் விவசாயத்துக்கு மருந்து அடிப்பார்கள். மலையடிவாரத்தில் அவ்வளவாக அடிப்பதில்லை. இரு பக்கமும் ஒரே இனத்து மக்கள்தான். இரு பக்கத்துக் குழந்தைகளிடமும் ஒரு மனிதனை வரையச் சொன்னார். அடிவாரத்துக் குழந்தைகள் தலை, கை, கால் வைத்து வரைந்தார்கள். பள்ளத்தாக்குக் குழந்தைகள் பலர் கிறுக்கல்தான் போட்டார்கள். ஓடியாடும் தெம்பிலும் அவர்கள் பின்தங்கியிருந்தார்கள். அவர் பார்த்தது 50 குழந்தைகளைத்தான். அதனால் எல்லாம் நிரூபணமாகிவிட்டது என்று கொள்ள வேண்டாம். ஆனால் அந்தப் படங்களைப் பார்த்த தாய் யாரும் சும்மா இருக்க மாட்டாள்.

இனி அபாப்காவுக்கே திரும்புவோம். ஏரியைச் சுத்தம் செய்வதற்காக வடகரைத் தோட்டங்களை அரசாங்கம் விலைக்கு வாங்கி மூடியது. 1998, 1999 ஆண்டுகளில் அந்த நிலத்தில் தண்ணீர் கட்டியபோது, மண்ணில் தங்கியிருந்த பழைய மருந்து மீனுக்கு ஏறி, மீன் தின்ற நூற்றுக்கணக்கான பறவைகள் மாண்டன. அவை ஏன் செத்தன என்று அரசாங்கம் ஆராய்ந்தது. அதே மண்ணில் பல ஆண்டுகள் குனிந்து நிமிர்ந்த கறுப்பினத் தொழிலாளர்களும் ஹெய்ட்டி, மெக்சிகோ நாட்டவரும் கேட்டார்கள்: 'முதலையைப் பார்த்தீர்கள், பறவையைப் பார்த்தீர்கள், எங்களை யார் பார்ப்பது?' வேலையும் போய், நோயும் மிஞ்சியவர்களின் கேள்வி அது. இறந்துபோன தோழர்களின் நினைவாக அவர்கள் ஒட்டுத்துணிப் போர்வை தைத்து வைத்திருக்கிறார்கள்.

நம் வீட்டு வாசலில்

இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. ரப்பர் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் தோம்பைத் தூக்கிப் புல்லுக்கு மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் பிள்ளைத்தாய்ச்சிகளும் இருந்தார்கள். மலேசியா பாராகுவாட் மருந்தை 2002இல் நிறுத்த முடிவு செய்து, 2006இல் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, 2020 ஜனவரி முதல் தேதி முதல்தான் முற்றாகத் தடை செய்தது. பாராகுவாட் ஹார்மோனைக் குழப்புவதற்குப் பேர்போனது அல்ல. ஒரு மிடறு உள்ளே போனாலே உயிரைக் குடிக்கும் நஞ்சு அது. ஆனாலும் இரண்டு நஞ்சும் நமக்குச் சொல்லும் பாடம் ஒன்றுதான். டைக்கோஃபாலையும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2019இல் விலக்கு பட்டியலில் சேர்த்தது. ஒரு மருந்து கெட்டது என்று தெரிவதற்கும் அது கடையை விட்டுப் போவதற்கும் இடையே ஒரு தலைமுறை வளர்ந்துவிடுகிறது.

தமிழில் நாம் பூச்சிமருந்து, புல்லுமருந்து என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மருந்து என்ற சொல்லைக் கேட்டால் பயம் வருவதில்லை. மருந்து வந்த காலி டின்னில் தண்ணீர் பிடித்து வைத்தோம். அடித்துவிட்டு வந்த கையோடு பிள்ளையைத் தூக்கினோம்.

இனியாவது சில காரியங்களைக் கடைப்பிடிப்போம். மருந்தடித்த உடுப்பைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். குளித்த பிறகே பிள்ளையைத் தொடுங்கள். காலி டின்னை வேறு எதற்கும் வைத்துக்கொள்ளாதீர்கள். கையுறை, முகமூடி, காலணி தரும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள்; அது சலுகையல்ல, உங்கள் உரிமை. கருவுற்ற பெண்ணை, கருவுற்றிருக்கக்கூடும் என்ற நிலையில் உள்ள பெண்ணையும், மருந்து வேலைக்கு அனுப்பாதீர்கள். முட்டைக்குள் கரு உருவாகும் அந்தச் சில நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று முதலைகள் காட்டிவிட்டன. வீட்டில் கொசுவுக்கும் கரப்பானுக்கும் அடிப்பவர்கள், டின்னில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அடியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும்.

மருந்தடித்த நம் தாய்மார்கள் இன்று பாட்டிமார்களாகி நம்மோடு இருக்கிறார்கள். என்ன மருந்து அடித்தார்கள், எத்தனை வருடம் அடித்தார்கள், உடம்புக்கு என்ன செய்தது என்று ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது டாக்டரிடம் காட்டுங்கள்.